இடைக்கால இசைவுக்கு இறுதி நாள் எங்கே?

மலையை உடைத்துக் கல்லாக்கினர். கல்லை உடைத்துச் சல்லியாக்கினர். சல்லியைக் கொட்டி மாடங்கள் எழுப்பினர். நாற்பது ஆண்டு நிறையுமுன்னரே அம் மாடங்களை இடித்துத் தெருவோரத்தில் குவித்தனர். இற்றைத் தமிழ்நாட்டு நகரங்களின் கட்டட வரலாறு இவ்வளவே. குவிந்த இடிபாடு இரவோடிரவாகச் சரக்குந்தில் ஏறுகின்றது. விடியலில் ஏதோ ஓர் ஏரிக்கரையிலோ, கால்வாயின் வாயிலோ, சுடுகாட்டு மூலையிலோ கிடக்கின்றது. கொட்டியவன் யாரென எவரும் அறியார். அடுத்த மழையில் வெள்ளம் ஊருக்குள் புகும்போது மட்டும், ஏரி ஏன் சுருங்கிற்று என்று எல்லாரும் வியப்பர்.

இக் கழிவை உடைத்துச் சலித்து மீண்டும் கட்டடப் பொருளாக்குக என்னும் கருத்து புதிதன்று. 2009இல் தில்லியின் புராரியில் இதற்கென ஓர் ஆலை தொடங்கப்பெற்றது. சென்னையிலும் கொடுங்கையூர், பெருங்குடி ஆகிய இரண்டிடங்களில் நாளொன்றுக்கு 400 தொன் வீதம் கையாளும் ஆலைகள் அமைந்தன. 2016 மார்ச்சு 29ஆம் நாள் நடுவணரசு வெளியிட்ட நெறிமுறைகள், நாளொன்றுக்கு 20 தொன்னோ, ஒரு பணியில் திங்களுக்கு 300 தொன்னோ கழிவு உண்டாக்குவோர், அதனைக் கற்காரை, மண், இரும்பு மரம் நெகிழி, செங்கல் சாந்து என நால்வகையாகப் பிரித்தல் வேண்டும் என்றன. அவற்றின் இடத்தில் 2025 ஏப்பிரல் 4ஆம் நாள் வெளியான புதிய நெறிமுறைகள், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுவோர் தலையில் கழிவின் பொறுப்பைச் சுமத்தி, 2026 ஏப்பிரல் முதல் நாளை நடைமுறை நாளாகக் குறித்தன. பொறுப்பு வந்தவர் இடம் தேடுவர். இடம் தேடுவார் கண்ணில் முதலில் படுவது கற்குழி. மக்கள் 'குவாரி' என்று ஆங்கிலத்தால் வழங்குவதே ஈண்டுக் கற்குழி எனப்படுகின்றது.

கற்குழியை நாடுவது முற்றும் தவறென்று கூறிவிடல் இயலாது. கல்லுடைக்கும் பொறியும், எடைமேடையும், சரக்குந்து செல்லும் சாலையும் அங்கே முன்னரே உள்ளன. நகரத்திற்குச் சல்லி ஏற்றிச் சென்ற வண்டி வெறிதே திரும்பாமல் இடிபாட்டை ஏற்றித் திரும்பலாம். நடுநகரில் உடைத்தால் நூறாயிரம் பேர் மூக்கில் ஏறும் புழுதி, அங்கே ஒரு சிலர் மூக்கில்தான் ஏறும் என்றும் சொல்லப்படுகின்றது. அந்தச் 'சிலர்' யார் என்பதைத்தான் சொல்வாரில்லை.

பழம்பொருளை மீண்டும் ஆளுதலைத் தமிழ்க் கொத்தர்க்கு எவரும் வந்து கற்பிக்க வேண்டுவதன்று. ஓட்டு வீட்டைப் பிரிப்போர் ஓட்டை எண்ணி அடுக்கினர். உத்தரத்தையும் நிலையையும் கதவையும் தனித்தனியே விலை பேசினர். முழுச் செங்கல்லைச் சுண்ணம் தட்டி எடுத்தனர். உடைந்ததைச் சல்லியாக்கிச் சுண்ணாம்போடு கலந்து மொட்டைமாடியில் தட்டித் தட்டித் தளமிட்டனர். எஞ்சிய பொடியையும் விடாது சாந்தில் சேர்த்தனர். சுண்ணச் சாந்து செங்கல்லைப் பிடித்திருக்கும், கேட்டால் விட்டுவிடும். பைஞ்சுதைச் சாந்து விடாது. ஆகலின், பிரித்தல் என்னும் தொழில் போய் உடைத்தல் என்னும் தொழில் வந்தது. கூடையும் சுத்தியலும் செய்த வேலைக்குப் பேருருப் பொறிகள் தேவையாயின. 2016ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற இந்தியத் தர நெறி 383, பழங்கற்காரையை உடைத்தெடுத்த சல்லியை இரும்பிட்ட கற்காரையில் எம்25 தரம் வரை ஐந்திலொரு பங்கு சேர்க்கலாம் என்றும், வலிவு குறைந்த அடித்தளக் கற்காரையில் முழுதுமே இடலாம் என்றும் ஒப்பியுள்ளது. மதுரை மாவட்டத்தில் குன்றுகள் வெட்டப்பட்ட முறைகேட்டை ஆராய 2014இல் சென்னை உயர் அறமன்றம் சகாயத்தைத் தனி ஆணையராக அமர்த்த வேண்டி நேர்ந்தது. அத்தகைய நாட்டில், ஒரு வண்டிப் பழஞ்சல்லி ஒரு வண்டி மலையைக் காக்கும் என்பதை மறுப்பார் எவர்?

ஆகவே, கேள்வி மறுசுழற்சியைப் பற்றியதன்று. அதற்கு வழங்கப்பெறும் இசைவைப் பற்றியது. இத்தகைய ஆலைகளுக்கு 'இடைக்கால' இசைவு கேட்கப்படுகின்றது. கல் எடுத்து முடியும் வரை, அல்லது சாலைப்பணி ஒன்று நிறைவேறும் வரை, சில ஆண்டுகட்கு மட்டும் என்று வேண்டுகை எழுதப்படுகின்றது. 'தற்காலிகம்' என்னும் வடசொல்லை ஆளுங்கால் இச் செய்தியின் கூர்மை மழுங்கிவிடுகின்றது. 'அந்தக் காலத்துக்குரியது' என்பதற்கு மேல் அச் சொல் எதனையும் சொல்வதில்லை. தமிழ்ச்சொல்லோ தன் பொருளைத் தானே காட்டி நிற்கின்றது. இடை என்பது இரு முனைகட்கு நடுவண் நிற்பது. உடலில் இடை உண்டெனின், மேலும் உண்டு, கீழும் உண்டு. பின்முனை குறிக்கப்படாத காலத்தை இடைக்காலம் என்பது மொழிக்கும் பொருந்தாது, முறைக்கும் பொருந்தாது.

இங்கிலாந்தில் இவ்வழக்கம் நெடுநாளாக உண்டு. அங்கே கற்குழிகளில் கட்டட இடிபாட்டை உடைத்துச் சலிக்கும் ஆலைகட்குக் கோட்ட மன்றங்கள் இசைவு வழங்குங்கால், அதனைக் கற்குழியின் வாழ்நாளோடு பிணைப்பதே பெரும்பான்மை. கல்லெடுப்பு முடியும் நாளில் ஆலையும் அகலல் வேண்டும். குழி வயலாகவோ காடாகவோ நீர்நிலையாகவோ திருத்தப்படல் வேண்டும். ஆண்டுக்கு இத்தனை தொன், நாளுக்கு இத்தனை வண்டி, காலை இத்தனை மணி முதல் மாலை இத்தனை மணி வரை என்றெல்லாம் எழுதிவைப்பர். இவ்வளவு எழுதியும், இறுதி நாள் நெருங்குங்கால் 'இன்னும் சில ஆண்டுகள்' என்னும் வேண்டுகை மீண்டும் வந்து நிற்பது அங்கும் காணக்கூடிய காட்சியே. எழுதிவைத்த நாட்டிலேயே இவ்வாறெனின், எழுதாத நாட்டில் எவ்வாறு இருக்கும்?

தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பெங்களூருவின் வடபால் பெல்லள்ளியிலும் மிட்டகானள்ளியிலும் கல்லெடுத்துக் கைவிட்ட குழிகள் நகரக் குப்பையை விழுங்கும் வாய்களாயின. சுற்றியிருந்த ஊர்கள் நாற்றத்தோடும் கறுத்த நீரோடும் போராடின. சென்னைப் பெருங்குடியில் குப்பை கொட்டப்பட்டது பள்ளிக்கரணைச் சதுப்பின் மேலேயே. பல பத்தாண்டுகள் அவ்வாறு கொட்டிய பின்னர், 2022இல் அச் சதுப்பு உலகச் சிறப்புடைய ஈரநிலமென இராம்சர்ப் பட்டியலில் ஏறிற்று. ஒரு கையால் மாலையிட்டு மறு கையால் குப்பை கொட்டும் இத் திறமை வேறெங்கும் எளிதிற் காணவொண்ணாதது!

கற்குழியில் இவ்விடர் இரு மடங்காகும். ஏனெனில் ஆலைக்கருகிலேயே குழி இருக்கின்றது. இடிபாட்டை வாங்கும்போதே தொன்னுக்கு இவ்வளவு என்று ஆலை நடத்துவோர்க்குக் கூலி கிடைக்கின்றது. அதனை உடைக்கவும், காந்தத்தால் இரும்பைப் பிரிக்கவும், கழுவவும், சலிக்கவும், விற்கவும் செலவாகும். பத்தடி தள்ளிக் குழிக்குள் உருட்டிவிட்டாலோ செலவே இல்லை. நல்லவரையும் வழுக்கும் சரிவு இது. இசைவை எழுதுவோர் இச் சரிவை எண்ணி எழுதினாலன்றி, மறுசுழற்சி ஆலை என்னும் பெயர்ப்பலகைக்குப் பின்னே குப்பைக் கிடங்கே எஞ்சும்.

குழி என்பது வெறும் பள்ளமன்று. 2017இலும் 2019இலும் சென்னை நீரின்றி வாடியபோது, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கற்குழிகளில் தேங்கியிருந்த மழைநீரே தூய்மை செய்யப்பெற்று நகரக் குழாய்களுக்கு அனுப்பப்பட்டது. கல்லெடுத்த தழும்பு, நீர் தாங்கும் ஏனமாயிற்று. அடியிலும் பக்கத்திலும் வெடித்த பாறையாதலின், குழியில் விழுவது குழியோடு நிற்பதில்லை. வெடிப்பு வழியே ஊர்க்கிணறு வரை செல்லும். அரைத்த பைஞ்சுதைத் துகள் நீரைக் கடுங்காரமாக்கும். பழம் பூச்சுகளில் ஈயம் இருக்கும். கூரைக்கடியில் ஒட்டிய சிப்சப் பலகை காற்றுப்புகாத ஈரக்குழியில் மக்கும்போது அழுகிய முட்டை நாற்றமுடைய நச்சுவளி எழும். கல்நார்த் தகடுகள் உடைந்து இடிபாட்டோடு கலந்து வருமாயின், அவற்றின் நுண்ணிழை புற்றுநோயின் வித்து. இவையெல்லாம் இன்றி வெறுங்கல்லே வந்தாலும், உலர்வாக உடைக்குங்கால் எழும் மணற்றுகள் நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும். நீர் தெளித்து உடைத்தால் இது பெரிதும் குறையும். நீர் தெளிக்கும் குழாய் ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் ஓடுவதாயின், அத் தொழிலாளியின் நுரையீரல் எந்த ஆய்வறிக்கையிலும் இடம்பெறாது.

பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு சரளை எடுத்த ஒரு குழியிலேதான் இராபர்ட்டு புரூசு பூட்டு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்நிலத்து மாந்தரின் தொன்மையை உலகம் அறிந்தது அக் குழியின் வழியாகவே. அக் காலத்தில் அதனைக் கழிவால் நிரப்பியிருந்தால் என்னாகியிருக்கும் என எண்ணிப் பார்க்கலாம்.

2016ஆம் ஆண்டு நெறிமுறைகள், இத்தகைய ஆலைகள் குடியிருப்பு, காடு, நீர்நிலை, ஈரநிலம், தொன்மைச் சின்னம் ஆகியவற்றினின்று விலகியிருத்தல் வேண்டும் என்றன. நல்லது. ஆனால் நீர் தேங்கிய கற்குழி நீர்நிலையா, கற்குழியா? கனிமத்துறையின் ஏட்டில் அது குத்தகை நிலம். ஊராரின் வாழ்வில் அது ஆடுமாடு நீரருந்தும் குளம். நிலத்தின் பயன் மாற்றத்தை 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி ஓர் அலுவலகம் பார்க்கின்றது. குழியின் குத்தகையை 1959ஆம் ஆண்டுச் சிறுகனிம நெறிமுறைகளின்படி இன்னோர் அலுவலகம் பார்க்கின்றது. புழுதியை மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் பார்க்கின்றது. குழியை மூடித் திருத்தும் நாளும் ஆலையை அகற்றும் நாளும் ஒரே தாளில் ஒருங்கே எழுதப்பட்டாலன்றி, இவர் அவரைக் காட்டவும் அவர் இவரைக் காட்டவும் வழி திறந்தே கிடக்கும்.

அத் தாள் எம்மொழியில் இருக்கும் என்பது அடுத்த வினா. 1956ஆம் ஆண்டிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்த நாடு இது. ஆயினும் 2006ஆம் ஆண்டுச் சூழல் அறிவிக்கையின்படி கற்குழிகட்காக மக்கள் கருத்துக் கேட்கப்படும் இடத்தில், மக்கள் மொழியில் வைக்கப்படல் வேண்டுவது அறிக்கையின் சுருக்கம் மட்டுமே. நீரோட்டம் பற்றிய பக்கமும், வெடி வைப்பது பற்றிய பக்கமும் ஆங்கிலத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன. அவ் அறிவிக்கையை மாற்றும் வரைவு 2020இல் வந்தபோது, அதனை இருபத்திரண்டு மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் அறமன்றம் சூன் 30ஆம் நாள் ஆணையிட்டது. நடுவணரசு அதனை ஏற்காது உச்ச அறமன்றத்துக்கு ஓடிற்று. நாட்டு மக்களுக்கு அவரவர் மொழியில் ஒரு தாள் கொடுப்பதற்கு இத்துணை அச்சம்! கல்லுடைக்கும் கூலிக்காரனின் புழுதிக்குத் தமிழ் தெரியும். அவனுக்கு வழங்கப்பெறும் காப்புக்கு மட்டும் தமிழ் தெரியாது போலும்.

வேண்டுவன அரியவையல்ல. ஆலை அகலும் நாள் இசைவிலேயே நாளும் திங்களும் ஆண்டுமாக எழுதப்படல் வேண்டும். நீட்டிப்பு வேண்டுமாயின், அது பழைய தாளின் ஓரத்தில் இடும் கையொப்பமாக இராமல், ஊரார் முன் புதிதாகக் கேட்கப்படும் வேண்டுகையாக இருத்தல் வேண்டும். குழியைத் திருத்துதற்கான பணம் முதல் வண்டி உள்ளே வருமுன்னரே அரசின் கையில் வைப்பாக இருக்கட்டும். பிந்தி வாங்குவோம் என்பது வாங்காமைக்கு இட்ட பெயர். எடைமேடையின் கணக்கில் உள்ளே வந்த தொன்னும் சல்லியாக வெளியே சென்ற தொன்னும் திங்கள்தோறும் ஒப்பிடப்படின், குழிக்குள் உருண்டது எவ்வளவு என்பதைச் சிறுவனும் கணக்கிடுவான். அரசும் தன் பங்கைச் செய்தல் வேண்டும்: தன் ஒப்பந்தப் பணிகளில் இச் சல்லியையும் பாவுகல்லையும் பத்து முதல் இருபது விழுக்காடு வாங்கலாம் என்று 2016ஆம் ஆண்டு நெறிமுறைகளே கூறின. வாங்குவார் இல்லாத பொருளை உடைத்துக் குவிப்பதால் வளர்வது இன்னொரு மேடுதான்.

மார்ச்சு 22ஆம் நாள், உலக நீர்நாளில், தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் ஊரவை கூடுகின்றது. கற்குழி உள்ள ஊரினர் அன்று அக் குழியின் இசைவுத் தாளைத் தமிழில் படித்துக் காட்டுமாறு கேட்கலாம். இறுதி நாள் அதில் இல்லையேல், இல்லை என்பதையே ஊரவையின் முடிவாகப் பொத்தகத்தில் எழுதச் செய்து, தலைவர் கையொப்பமிட்ட படியொன்றை மாவட்ட ஆட்சியர்க்கும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒப்புகையோடு கூடிய அஞ்சலில் விடுக்கலாம்.