எளிது என்றால் யாருக்கு?

சாக்லேட் ட்ரஃபிள் செய்முறை எதை எடுத்தாலும் முதல் சொல் ‘எளிது’ என்பதாகத்தான் இருக்கிறது. மூன்றே பொருள், பத்தே நிமிடம். பெண்கள் பத்திரிகையின் இணைப்புப் புத்தகத்திலும் அப்படித்தான். மார்ச் 8 அன்று மகளிர் கல்லூரிகளில் நடக்கிற ‘சுயதொழில் பயிற்சி’யிலும் அப்படித்தான். தமிழ் கற்பிக்கிறவள் என்பதால் இந்தச் சொல்மீது எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. எளிது, எளியவள் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வேலை எளிது என்று ஒருவர் தீர்ப்பெழுதிவிட்டால் அதைச் செய்கிறவள் எளியவள் ஆகிவிடுகிறாள். எளியவளுக்குக் கூலி எதற்கு?

முதலில் அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்துவிடுவோம். 200 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்க வேண்டும். பெரிய துண்டாக இருந்தால் ஒரு பக்கம் உருகும், மறுபக்கம் அப்படியே நிற்கும். 100 மில்லி ஃப்ரெஷ் கிரீமை ஓரத்தில் குமிழ் கட்டும்வரை மட்டும் சூடாக்கி அதன்மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லக் கலக்க வேண்டும். சூடு மிஞ்சினால் கொழுப்பு பிரிந்து எண்ணெய் மிதக்கும். அப்போது ஒரு கரண்டி வெதுவெதுப்பான பால் விட்டு விடாமல் கலக்கினால் பெரும்பாலும் கூடிவரும். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. சாக்லேட்டைத் தனியாக உருக்குவதாக இருந்தால் பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது, மணல்போலத் திரண்டுவிடும். பிறகு ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம். அதற்குப் பிறகுதான் உருட்டல்.

கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். நம் உடம்பின் சூடு 37. ட்ரஃபிளை வாயில் போட்டதும் கரைகிற சுகத்துக்குக் காரணம் இதுதான். உருட்டுகிறவளின் உள்ளங்கையில் அது இளகி அப்பிக்கொள்வதற்கும் காரணம் இதுதான். தின்கிறவருக்கு வரம், செய்கிறவளுக்குத் தொல்லை. கையைக் குளிர்ந்த நீரில் நனைத்து, ஈரம் போகத் துடைத்து, நாலைந்து உருட்டியதும் மறுபடி நனைத்துத் துடைக்க வேண்டும். மேலே கொக்கோத் தூளில் புரட்ட வேண்டும். 12 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 25 வரும். ‘பிறகு அறை வெப்பநிலையில் வைத்துப் பரிமாறவும்’ என்று செய்முறை முடியும். யாருடைய அறை? ஐரோப்பியச் சமையல் புத்தகத்தின் அறை 20 டிகிரி. மே மாதத்து வேலூரில் ஓடு வேய்ந்த சமையலறை இந்தச் செய்முறையை எழுதியவருக்குத் தெரியாது. ட்ரஃபிளுக்கு மேலே பளபளப்பான உறை வேண்டுமென்றால் இன்னும் மோசம். டார்க் சாக்லேட்டை 45 டிகிரிவரை உருக்கி, 27, 28க்கு இறக்கி, திரும்ப 31, 32க்கு ஏற்ற வேண்டும். குளிரூட்டி இல்லாத வீட்டில் அது தவம். ஆகவேதான் நம் ஊரில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்த ‘காம்பவுண்ட்’ கட்டியை வாங்கி உருக்குகிறோம். அதை இப்படி ஏற்றி இறக்க வேண்டியதில்லை. சுவை கொஞ்சம் மெழுகு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தெருவுக்குத் தெரு ‘ஹோம்மேட் சாக்லேட்’ என்று பலகை தொங்குகிறதே, அது யாருடைய ஹோம் என்று கேட்டிருக்கிறோமா? உருக்கி, அச்சில் ஊற்றி, தாள் சுற்றுகிற கைகளுக்கு அது வேலையிடம். வீடு என்ற சொல் வாங்க வருகிறவரின் மனநிறைவுக்காக.

இத்தனை நுட்பம் உள்ள வேலையை எப்படி எளிது என்று சொல்ல முடிகிறது? பெண்கள் செய்வதால் முடிகிறது. தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் திரட்டி உருட்டுப் பதம் பார்க்கிற கிழவியை நினைத்துப் பாருங்கள். மிட்டாய்த் தொழிலில் வெப்பமானி வைத்து 112 முதல் 116 டிகிரி என்று அளப்பதை அவள் விரல்நுனி அளக்கிறது. தொழிலில் அது தொழில்நுட்பம், அவளிடம் அது ‘கைப்பக்குவம்’. ஏதோ பிறக்கும்போதே கையோடு ஒட்டிக்கொண்டு வந்த மாதிரி. கற்றாள், கெடுத்தாள், திரும்பக் கற்றாள் என்ற வரலாறே அந்தச் சொல்லில் கிடையாது. இதே மொழியில் சமையலின் உச்சத்துக்குப் பெயர் என்ன? நளபாகம். நாள்தோறும் அடுப்பில் வெந்தவள் பெயரில்லாமல் போக, எப்போதோ கரண்டி பிடித்த அரசன் பெயர் நிலைத்துவிட்டது.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் மாயர்களின் மண்குவளை ஒன்று இருக்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் பழையது. அதில் ஒரு பெண் நின்றுகொண்டு, மேலிருந்து கீழே இன்னொரு பாத்திரத்தில் கொக்கோ பானத்தை ஆற்றுகிறாள், நுரை வருவதற்காக. நம் டீக்கடை மாஸ்டர் ஆற்றுகிற அதே ஆற்றல். கலைக்கூடம் இதை அரிய பொருளாகக் காக்கிறது. ஆற்றியவள் பெயரில்லாத ‘ஒரு பெண்’.

பிரேசில் கதை இன்னும் பொருத்தம். கண்டென்ஸ்ட் மில்க்கும் கொக்கோத் தூளும் வெண்ணெயும் சேர்த்துக் கிளறி உருட்டுகிற ‘ஈஸி ட்ரஃபிள்’ நம் வீடுகளிலும் பிரபலம். பிரேசிலில் இதற்குப் பெயர் பிரிகடெய்ரோ. அந்த நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1932இல். 1945இல் அதிபர் தேர்தல் நடந்தபோது விமானப்படை பிரிகேடியர் எட்வார்டோ கோமஸ் நின்றார். அவருக்காகப் பெண்கள் இந்த உருண்டையைச் செய்து விற்றுத் தேர்தல் நிதி திரட்டினார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அவர் தோற்றார். ஆனால் இன்றுவரை பிரேசில் குழந்தைகளின் பிறந்தநாள் இந்த உருண்டை இல்லாமல் நடப்பதில்லை, அதன் பெயரில் இருப்பது தோற்றுப்போன அந்த மனிதரின் ராணுவப் பதவி. முதன்முதலாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்த பெண்கள், அரசியலில் நுழைந்தபோதும் சமையலறை வழியாகத்தான் நுழைய வேண்டியிருந்திருக்கிறது. உருட்டியவள் பெயர் உருண்டையில் இல்லை.

நம் கல்லூரிகளுக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த, பேசப்போன கல்லூரிகளில் மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டி, மெஹந்தி, அப்புறம் சாக்லேட் செய்முறை விளக்கம். அருகிலிருக்கிற ஆண்கள் கல்லூரியின் தொழில்முனைவோர் மையத்திலோ வங்கி மேலாளர் வந்து கடன் திட்டம் பற்றிப் பேசுவார். பையன்களுக்கு முதலீடு, பெண்களுக்கு மோல்டு. ‘படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கும்போது கைச்செலவுக்கு ஆகும்’ என்று சிறப்பு விருந்தினர் சிரித்துக்கொண்டே சொல்வார். முதுகலை படிக்கிற பெண்ணிடம், இன்னும் தேர்வுகூட எழுதாதவளிடம், நீ வீட்டில் சும்மா இருக்கப்போகிறாய் என்பதை இதைவிட இனிப்பாகச் சொல்ல முடியாது.

அந்தச் ‘சும்மா’வுக்கும் கணக்கு இருக்கிறது. ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் போன பிறகு மிச்சமிருக்கிற நேரத்தில்தான் ட்ரஃபிள் உருட்டச் சொல்கிறோம்.

ட்ரஃபிள் விற்றுப் பிள்ளைக்குக் கட்டணம் கட்டுகிற பெண்ணைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. யாரிடமும் கேட்காமல் எடுத்துச் செலவழிக்க முடிகிற முந்நூறு ரூபாயின் அருமை எனக்குத் தெரியும். என் சண்டை அவளோடு இல்லை. அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்காதவர்களோடு. அவள் விலைப்பட்டியலைப் பாருங்கள்: சாக்லேட், கிரீம், தாள், பெட்டி. நல்லவளாக இருந்தால் கேஸும் கரண்டும் சேர்த்திருப்பாள். தன் நேரத்தைச் சேர்த்திருக்க மாட்டாள். 25 ட்ரஃபிளுக்கு நறுக்கிக் கிளற 20 நிமிடம், உருட்ட 40, தூளில் புரட்டித் தாளில் வைத்துப் பெட்டி கட்ட 30, பிசுக்குப் பாத்திரம் தேய்க்க 20. ஃப்ரிட்ஜில் வைத்துக் காத்திருக்கிற நேரத்தை விட்டுவிட்டாலே 1 மணி 50 நிமிடம். பொருள் செலவு போக மிஞ்சுவதை அவள் லாபம் என்று நினைக்கிறாள். அது லாபமில்லை, கூலி. அந்தக் கூலியையும் தாண்டி ஏதாவது மிஞ்சினால் அதற்குப் பெயர்தான் லாபம். தீபாவளிக்கு நாலு பெட்டி கேட்டுவிட்டு, ‘வீட்டுல செஞ்சதுதானே, சொந்தக்காரங்க கிட்டயா காசு வாங்குவே?’ என்கிற சித்தப்பாவுக்கு இந்த 1 மணி 50 நிமிடத்தை எழுதிக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். மாமியாருக்கும்தான்.

அடுத்த மார்ச் 8க்கும் சாக்லேட் பயிற்சிதான் என்று நிர்வாகம் முடிவெடுத்தால், மாணவிகளே, வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நிபந்தனை வையுங்கள். பயிற்சி தருகிறவர் தன் கணக்குப் புத்தகத்தோடு வரட்டும். சிறிய அளவில் உணவு விற்பவருக்கும் கட்டாயமான உணவுப் பாதுகாப்புப் பதிவை எப்படிச் செய்வது என்று யாராவது உட்கார்ந்து காட்டட்டும். கிரீம் சேர்த்த ட்ரஃபிள் ஃப்ரிட்ஜில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்கத்தக்கதல்ல என்பதையும், பெட்டியின்மேல் தேதி ஒட்ட வேண்டும் என்பதையும் சொல்லட்டும். வங்கி மேலாளரை இந்தப் பக்கம் அனுப்பச் சொல்லுங்கள். அதே நாளில் ஆண்கள் கல்லூரியிலும் ட்ரஃபிள் பயிற்சி நடக்கட்டும், பாத்திரம் தேய்ப்பது உட்பட.