சத்துணவுக் காசு இந்த மண்ணிலேயே புரளட்டும்: கோரிக்கைச் சாசனம்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ரேஷன் அட்டைதாரர்கள், குச்சிக்கிழங்கு விவசாயிகள், தறிக்கூலிகள், சத்துணவுச் சமையலர்கள் கூடி அரசுக்கு எழுதிக்கொள்வது.

"சும்மா அரிசி போட்டு ஆளுங்களச் சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்ற பேச்சு டீக்கடைதோறும் கேட்கிறது. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் எங்களில் ஒருத்தி சொன்னது வேறு: "அரிசி வீட்டுல இருக்குதுங்க. அதனால போன வருசம் தறி முதலாளிகிட்ட முன்பணம் வாங்கலீங்க. இப்பத்தான் கூலி ஏத்திக் கேக்க வாய் வருதுங்க." 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வரும் அரிசி செய்த வேலை இது. இதில் ஒரு கிலோவும் குறையக் கூடாது.

1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று சத்துணவில் நுழைந்த முட்டை, 2010-ல் வாரம் ஐந்தானது. பிள்ளைக்குச் சத்து, கோழிப்பண்ணைக்கு நிலையான கிராக்கி, தீவனத்துக்கு மக்காச்சோளம் போட்டவருக்கும் லாரிக்காரருக்கும் பிழைப்பு. புரட்டாசியில் ஊரே கவுச்சியை ஒதுக்கினாலும் பள்ளிக்கூடம் ஒதுக்குவதில்லை. கோடை விடுமுறையில்தான் பிள்ளையும் பண்ணையும் சேர்ந்து காய்கின்றன. அந்த நாட்களிலும் வாரம் ஐந்து முட்டை வீட்டுக்குக் கொடுங்கள்.

ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து கப்பலில் வருவது. மானியக் காசு அந்தப் பக்கம் போகிறது. மானாவாரியில் கடலை போட்ட ராசிபுரத்துக்காரரும் அதே வரிசையில் நின்று அந்தப் பாக்கெட்டை வாங்குகிறார்! கடலை எண்ணெய் விலை அதிகம் என்பது தெரியும். ஒரேயடியாக மாற்றச் சொல்லவில்லை. இந்த இரு மாவட்டங்களில் மாதம் அரை லிட்டர் என்று தொடங்குங்கள்.

சேலத்தில் 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தும், வடக்கே நவராத்திரி விரதத்துக்கு ஜவ்வரிசி வாங்கினால்தான் ஆத்தூரில் அதற்கான கிழங்கின் விலை அசைகிறது. 2022-ல் தொடங்கிய பள்ளிக் காலை உணவில் வாரம் ஒரு நாள் ஜவ்வரிசிக் கிச்சடி சேருங்கள். ஜவ்வரிசி வெறும் மாவுச்சத்துதான். ஆகவே பாசிப்பருப்பும் காயும் போட்டே ஆக வேண்டும். தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் 2023-ல் தொடங்கிய இரண்டு கிலோ கேழ்வரகு கொல்லிமலைக்கும் வரட்டும்.

சமையலர்களுக்கு முழுமையான காலமுறை ஊதியம் வேண்டும். இன்னொன்று, சின்னதுதான். முப்பது முட்டை அட்டைகளின் அடுக்கில் அடி அட்டையில் இரண்டு கீறியிருக்கும். வேகவைக்கும்போதுதான் வெள்ளை பிதுங்கித் தெரியும். பிள்ளைகள் உட்கார்ந்தாயிற்று, கடைக்கு ஆளை விரட்டி எங்கள் கைக்காசில் வாங்கிப் போடுகிறோம். இனி இறக்கும்போதே அட்டை அட்டையாகப் பிரித்துப் பார்த்து, கீறலைக் கொண்டுவந்தவரே மாற்றித் தர வேண்டும்.