பச்சை மனிதனுக்கு என்ன அவசரம்?

சிக்னலில் பாதசாரிகளுக்கென்று ஒரு பச்சை மனிதன் எரிகிறானே, அவன் எத்தனை நொடி எரிய வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டு சாலையின் அகலத்தை வகுப்பார்கள். 18 மீட்டர் சாலைக்கு 15 நொடி. ஆபீஸுக்கு ஓடுகிற பிள்ளைகளுக்கு அது தாராளம். நம்மைப் போல முழங்கால் தேய்ந்தவர்கள் 0.8 மீட்டர் நடந்தாலே பெரிய விஷயம். 15 நொடியில் 12 மீட்டர்தான் தாண்டியிருப்போம். மிச்சம் 6 மீட்டர் வண்டிகளுக்கு நடுவில்.

அதுவும் எந்த வண்டி? எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் 40 அடி கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர். சரக்கோடு வருவது பிரேக் போட்ட இடத்தில் நிற்காது. நின்றிருந்தாலும் பயம்தான். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, பம்பரை ஒட்டி நடக்கிற குள்ளமான பாட்டி கண்ணில் படவே மாட்டாள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. துறைமுக வாசலில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்து வருகிற மனுஷன். நமக்குப் பச்சை எரியும்போதே 'ஃப்ரீ லெஃப்ட்' என்று இடப்பக்கம் புகுந்து வருகிற பைக்காரர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நடை மேம்பாலம் கட்டலாமே என்பார்கள். படி ஏற முடிந்தால் நாம் ஏன் சிக்னலில் நிற்கப் போகிறோம்? 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது, சந்தோஷம். சென்ட்ரல் வரை ஏ.சி.யில் போய்விடலாம். ஸ்டேஷனுக்குப் போக ரோட்டைத் தாண்டுவதுதான் பெரும்பாடு.

சிங்கப்பூரில் 2009-இலேயே ஒரு வழி கண்டார்கள். முதியோர் தங்கள் பயணச் சலுகை அட்டையை சிக்னல் கம்பத்தில் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 நொடி வரை பச்சை கூடுதலாக எரியும். அதே வருஷம் அமெரிக்காவிலும் அந்த 1.2 மீட்டரைச் சுமார் 1.07 ஆகக் குறைத்தார்கள். இங்கே 2014-இல் சென்னை மாநகராட்சியும் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை என்று கொள்கை வகுத்தது. கொள்கை நல்ல கொள்கைதான்.

அட்டை, கருவி எல்லாம் பிறகு வரட்டும். வடிவுடையம்மனைப் பார்க்கக் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை, பௌர்ணமி சாயங்காலங்களிலாவது கோயில் பக்கத்து சிக்னலில் பத்து நொடி கூட்டச் சொல்லி, டிராஃபிக் போலீஸுக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் ஞாயிறு காலை வீட்டுக்கு வாருங்கள். காபி உண்டு.