மற்றவர் பாட்டைப் பாடுவது குறையா?

"சொந்தமாக ஒரு பாட்டும் இல்லை, எல்லாம் மற்றவர்கள் பாடியதுதானே" என்று ஒரு பாடகியை நாம் எவ்வளவு இலேசாக ஒதுக்கிவிடுகிறோம்! இந்த அளவுகோல் பிழையானது என்றே நான் நினைக்கிறேன். அமெரிக்கக் கலைஞர் ரியானன் கிடென்ஸின் வழியைப் பார்த்தால் அது விளங்கும்.

1977இல் வட கரோலினாவில் பிறந்தவர் அவர். ஒபேரா இசையை முறையாகக் கற்றார். அந்தப் பாதையிலேயே போயிருக்கலாம். ஆனால் இரு நண்பர்களுடன் ஜோ தொம்சன் என்ற கறுப்பின வயலின் கலைஞரின் வீட்டுக்குப் போய்ப் பழைய பாட்டுகளைப் பழகினார். தொம்சனுக்கு அப்போது எண்பது வயது கடந்திருந்தது. பேஞ்சோ வெள்ளையரின் வாத்தியம் என்றே பலர் எண்ணியிருந்த நாடு அது. உண்மையில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் கைகளில் உருவான வாத்தியம் பேஞ்சோ. புதுப்பாட்டு எழுதி இந்த மறதியைத் திருத்த முடியாது. பழைய பாட்டைத்தான் திரும்பப் பாட வேண்டும்.

2015இல் வந்த அவரது தனி இசைத்தொகுப்பில் அநேகமாக எல்லாமே பிறர் பாட்டுகள். அவற்றுள் ஒன்று எலிசபெத் கொட்டனுடையது. கொட்டன் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்தவர். இப்படியான ஒருவரின் பாட்டை எடுத்துப் பாடி, அவர் பெயரையும் சொல்வது நகல் எடுக்கும் வேலையா?

2021இல் இத்தாலியக் கலைஞர் பிரான்செஸ்கோ துரிசியுடன் சேர்ந்து இன்னொரு தொகுப்பை வெளியிட்டார். கொவிட் முடக்கத்தில் இருவரும் அயர்லாந்தில் அகப்பட்டிருந்த காலம். ஊருக்குப் போக வழியில்லை. அவரவர் ஊர்ப் பாட்டுகளையே பாடினார்கள். இத்தாலியத் தாலாட்டும் அதில் உண்டு. அடுத்த வருடம் அதற்குக் கிராமி விருது கிடைத்தது.

மற்றவர் பாட்டைப் பாடுவதெல்லாம் சிறப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மூலப் பாடகர் மூச்சு விட்ட இடத்திலேயே மூச்சு விட்டுப் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். (நமது கலைவிழாக்களில் அதற்குத்தான் கைதட்டல் அதிகம்!) எழுதியவர் பெயரையே விட்டுவிடுகிறவர்கள் இன்னும் மோசம்.

கிடென்ஸ் பிறகு மைக்கல் ஏபல்ஸுடன் சேர்ந்து 'ஓமர்' என்ற ஒபேராவைப் படைத்தார். செனகல் பகுதியிலிருந்து 1807இல் அடிமையாகக் கொண்டுவரப்பட்ட மார்க்க அறிஞர் உமர் இப்னு ஸஈதின் கதை அது. 1831இல் அவர் தன் வாழ்க்கையை அரபு மொழியில் எழுதினார். அதையும் தன் சொல்லால் தொடங்கவில்லை. ஸூரத்துல் முல்க்கை எழுதியே தொடங்கினார். ஆட்சி யார் கையில் உள்ளது என்று சொல்லும் அத்தியாயத்தை ஓர் அடிமை தன் கதைக்கு முன்னால் வைக்கிறார்!

அந்த ஒபேரா 2023இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதன் வரிகள் கிடென்ஸ் எழுதியவை. சொந்தமாக எழுதவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் அத்தனை வருடம் பிறர் குரலைக் காது கொடுத்துக் கேட்டுப் பழகியிராவிட்டால், உமரின் குரல் அவருக்குக் கேட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.