உடும்புக்கு வழிவிடுங்கள்

கடலில் மூழ்கிப் பாசி மேயும் பல்லி இனம் ஒன்று பசிபிக்கின் கலாபகோஸ் தீவுகளில் உண்டு. உடலில் சேரும் உப்பை மூக்கு வழியே தும்மித் தள்ளிவிடும்! அதன் தூரத்துச் சொந்தமான உடும்பு, நம் மதுரைப் பக்கத்துக் கண்மாய்க் கரைகளிலும் கரடுகளிலும் வாழ்கிறது. பூச்சி, நத்தை, நண்டு, எலி எல்லாம் அதற்கு இரை. செத்த பிராணிகளையும் தின்று இடத்தைச் சுத்தமாக்கும். மண்ணையோ கறையான் புற்றையோ தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். குஞ்சு வெளிவர மாதக்கணக்காகும்.

ஆனால், 'உடும்புக்கறி இடுப்புவலிக்கு நல்லது' என்று நம்பி வேட்டையாடுகிறார்கள். அதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலி, யானையோடு உடும்பும் இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. வயலில் உடும்பைக் கண்டால் கல்லெறியாதீர்கள். எலியை அது பார்த்துக்கொள்ளும்.