பணமில்லாத பேட்மேனும் 350 சதுர அடியும்

2024 அக்டோபர் முதல் டிசி நிறுவனம் வெளியிட்டு வரும் 'அப்சொல்யூட்' வரிசைக் காமிக்ஸ் இதழ்களைத் தமிழ் ரசிகர்கள் கொண்டாடுவதில் வியப்பில்லை. ஸ்காட் ஸ்னைடர் எழுத, நிக் டிராகோட்டா வரையும் பேட்மேன் தொடரில் புரூஸ் வெய்னுக்கு மாளிகை இல்லை, பரம்பரைச் சொத்து இல்லை, பணிவிடை செய்ய ஆல்ஃபிரட் இல்லை. அவன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன். நகரக் கட்டுமானங்களை அறிந்த பொறியாளன். ஜேசன் ஆரன் எழுதும் சூப்பர்மேனோ கிரிப்டான் கோளிலேயே உழைக்கும் வகுப்பில் பிறந்தவன். பூமிக்கு வந்தபின் சுரங்கத் தொழிலாளரின் பக்கம் நின்று ஒரு பெருநிறுவனத்தை எதிர்க்கிறான். இவற்றை முன்வைத்து, 'மீநாயகக் கதை கடைசியில் வர்க்கத்தைக் கண்டுகொண்டது' என்று ரசிகர்களும், அவர்களைப் பின்தொடர்ந்து பண்பாட்டு ஆய்வாளர் சிலரும் அறிவிக்கத் தொடங்கியுள்ளனர்.

இந்த அறிவிப்பு அவசரப்பட்டது. எங்கிருந்து வாசிக்கிறோம் என்பதை மறந்தவர்களே இதைச் சொல்ல முடியும். தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து இதே இதழ்களைப் புரட்டும் ஒரு தமிழ் மாணவருக்கு, நாயகனிடம் பணம் இருக்கிறதா இல்லையா என்பது முதற்கேள்வியாக இருக்காது. நகரம் இடித்துக் கட்டப்படும்போது முடிவெடுப்பவர் யார் என்பதே அவருடைய முதற்கேள்வி.

இக்கேள்விக்கு மீநாயக மரபு மிகப் பழைய விடை ஒன்றை வைத்திருக்கிறது. யூதக் குடியேறிகளின் பிள்ளைகளான ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் படைத்த சூப்பர்மேன், தொடக்கத்தில் மனைவியை அடிப்பவனையும் பேராசை பிடித்த சுரங்க முதலாளியையும் தண்டித்தவன். 1939 ஜனவரியில் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' எட்டாம் இதழில் அவன் ஒரு சேரியைச் சந்திக்கிறான். அங்குள்ள சிறுவர்கள் குற்றவாளிகளாவதற்குக் காரணம் அவர்கள் அல்லர், அவர்கள் வாழும் வீடுகளே என்று உணர்கிறான். இந்த நோயறிதல் முற்போக்கானது. சிகிச்சைதான் கவனிக்கத்தக்கது. இயற்கைச் சீற்றத்தால் அழிந்த இடத்தில் அரசு புதிய வீடு கட்டித் தரும் என்று அறிந்து, அவனே சீற்றமாகிறான். மக்களை வெளியேறச் சொல்லிவிட்டுச் சேரி முழுவதையும் தரைமட்டமாக்குகிறான். தடுக்க வந்த படையின் குண்டுகளும் அவனுக்கே உதவுகின்றன. இறுதியில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுகின்றன; கதை மகிழ்ச்சியாக முடிகிறது.

வீடிழந்தவர்கள் இடைப்பட்ட காலத்தில் எங்கே தங்கினார்கள்? எவர் திரும்பி வந்தார்கள்? வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்துப் பிழைத்தவளுக்குப் புதிய வீட்டில் அந்த இயந்திரம் வைக்க இடம் இருந்ததா? இக்கேள்விகளுக்குக் கதையில் ஒரு கட்டமும் ஒதுக்கப்படவில்லை. நாயகன் நல்லவன் என்பதால் அவை தேவையற்றவையாகிவிடுகின்றன. மீநாயகக் கதையின் கருத்தியல் உண்மையில் குடிகொண்டிருப்பது இவ்விடத்தில்தான். அது நாயகனின் வங்கிக் கணக்கில் இல்லை.

லேபர் கேம்ப்புக்கு இக்கேள்விகள் கற்பனை அல்ல. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப்பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மாடியில் குடியிருப்பவர்களுக்கும் பின்னர் வந்தவர்களுக்கும் வெளியே வாடகை வீடு. ஒரே ஏணியில் ஏறி இறங்கும் இரு குடும்பங்களை இரு வேறு குடிமக்களாகப் பிரிக்க ஒரு தேதியும் ஒரு தளமும் போதுமானவையாகின்றன. இத்திட்டத்தை ஆதரிப்போரும் சூப்பர்மேனின் தர்க்கத்தையே பேசுகின்றனர்: வீடுகள் மோசமானவை, ஆகவே இடிப்பு நன்மை. அந்த 'ஆகவே' என்ற சொல்லுக்குள் எத்தனை பேரின் ஒப்புதல் விழுங்கப்படுகிறது என்பதை இடைச்சொல் ஆய்வு செய்வோராவது கேட்க வேண்டும்.

இப்பின்னணியில் புதிய பேட்மேனைப் பார்க்கலாம். அத்தொடரின் சிறப்பை மறுக்க வேண்டியதில்லை. பழைய கதைகளில் எதிரிகளாக வந்த வேலன், ஆஸ்வால்ட், ஹார்வி போன்றோர் இங்கே அவனுடைய இளமைத் தோழர்கள். ஏழையின் பகைவன் ஏழை என்ற பழைய வாய்பாடு உடைகிறது. ஆனால் பணம் நீங்கிய இடத்தில் வந்தமர்ந்தது எது? தசை. முன்பு செல்வத்தால் ஒருவன் செய்ததை இப்போது பேருடலால் ஒருவன் செய்கிறான். முடிவெடுப்பவன் ஒருவன், காக்கப்படுவோர் பலர் என்ற வாக்கிய அமைப்பு அப்படியே இருக்கிறது. எழுவாயின் வருமானம் குறைந்திருக்கிறது, அவ்வளவே. செயப்படுபொருள் இன்னும் செயப்படுபொருளாகவே நிற்கிறது.

தமிழ் வாசகர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. பம்பாயிலிருந்து டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், லீ ஃபாக்கின் ஃபேன்டம் கதைகளை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவந்தது. மூலத்தில் வங்கத்தை நினைவூட்டிய நாட்டின் பெயர் 'டெங்காலி' ஆயிற்று. 'சிங்' கடற்கொள்ளையர் 'சிங்கா' ஆயினர். இந்திய வாசகர் மனம் புண்படக் கூடாது என்ற கவலை பெயர்ச்சொற்களோடு நின்றுவிட்டது. காட்டு மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளையன் நீதி வழங்குகிறான் என்ற கதையமைப்பில் கை வைக்க எவரும் எண்ணவில்லை. தமிழோ ஒரு படி மேலே சென்றது. ஃபேன்டம் என்ற ஆங்கிலப் பெயரில் மரியாதை விகுதி எதுவும் இல்லை. தமிழில் அவர் 'வேதாளர்' ஆனார், பின்னர் 'முகமூடி வீரர் மாயாவி' ஆனார். 'அன்' வேண்டுமா 'அர்' வேண்டுமா என்று தமிழ் இலக்கணம் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டது. அவர் 'அர்' என்று விடை சொன்னார். அதே கதைகளில் காட்டு மக்களின் வினைமுற்றுகள் எந்த விகுதியைப் பெற்றன என்று பக்கம் பக்கமாக எண்ணிப் பார்க்கும் ஓர் ஆய்வேடு, அமர் சித்திரக் கதையைப் பற்றிய பத்தாவது ஆய்வேட்டைக் காட்டிலும் பயனுள்ளதாக இருக்கும்.

ரசிகர் தரப்பின் வலுவான வாதம் ஒன்றுண்டு. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையன்று. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரோடு உறங்கும் சிறுவனுக்குப் பறக்கும் மனிதனின் கதை தேவை, அவனிடம் போய்க் கருத்தியல் பேசுவது மேட்டிமைத்தனம் என்பது அவ்வாதம். பறக்கும் ஆசை நியாயமானது. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி', தலைமுறைகளுக்கு அந்த ஆசையை ஊட்டியது உண்மை. ஆயினும் இவ்வாதம் ஒன்றை மறைக்கிறது. லேபர் கேம்ப்பின் சிறுவர்களுக்குப் பறக்கும் அந்நியன் ஒருவனைத் தவிர வேறு நாயகர் இல்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. வரலாறு வேறு சொல்கிறது.

மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாட்டே அரசியல் கற்றதும் பாடல் கட்டியதும் இந்த மாட்டுங்கா லேபர் கேம்ப்பில்தான். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் அவர் தொடங்கிய செங்கொடிக் கலைக்குழு, மில் தொழிலாளரின் மேடைகளில் பாடியது. 1959இல் வெளிவந்து அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கப்பட்ட அவருடைய 'ஃபகிரா' நாவலின் நாயகன் மாங் சாதியைச் சேர்ந்தவன். பஞ்சத்தில் தன் மக்கள் பசியால் சாகாதிருக்கக் கொள்ளையடிக்கிறான். ஊராரை ஆங்கிலேயர் பிணையாகப் பிடித்தபோது அவர்களுக்காகச் சரணடைகிறான். அவனுடைய ஆற்றல் வேற்றுக் கோளிலிருந்து வந்ததன்று. தன் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பதிலிருந்து வந்தது. சாகசமும் வீரமும் கற்பனையும் அதில் குறைவில்லை. அந்த நாவல் பிறப்பதற்குக் காரணமான தெருக்களில் இன்று வாழும் தமிழ்ப் பிள்ளைகள் அதைப் படக்கதையாகத் தமிழில் வாசிக்க வாய்ப்பில்லாமல், 'பணமில்லாத பேட்மேன்' என்பதைப் புரட்சியென ஏற்க வேண்டும் என்பதே உண்மையான மேட்டிமைத்தனம்.

இது முடியாத காரியமும் அன்று. அம்பேத்கரின் வாழ்வைக் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் வரைந்த 'பீமாயணா' 2011இலேயே வந்துவிட்டது. அதில் நாயகன் எவரையும் தூக்கிக்கொண்டு பறப்பதில்லை. குடிநீரையும் தங்க இடத்தையும் உரிமையாகக் கேட்கிறான். படங்களைச் செவ்வகக் கட்டங்களுக்குள் அடைக்க மறுத்த அந்த நூலைக் காமிக்ஸ் ரசிகர் குழுக்கள் 'அது வேறு வகை' என்று ஒதுக்குகின்றன. வகை என்பது வேலியாகும்போது, வேலிக்கு உள்ளே யார், வெளியே யார் என்று கேட்பது ஆய்வாளரின் கடமை.

ஆகவே ரசிகர்கள் புதிய இதழ்களை வாங்கட்டும், ரசிக்கட்டும், டிராகோட்டாவின் கோடுகளைப் பற்றி இரவெல்லாம் விவாதிக்கட்டும். ஆனால் வர்க்கப் பார்வை என்ற சான்றிதழை வழங்குமுன் ஓர் எளிய சோதனையைச் செய்து பார்க்கட்டும். நாயகன் காப்பாற்றும் மக்கள் அவனிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் பக்கம் கதையில் உண்டா? சொன்னால் அவன் நிற்கிறானா? 1939இன் சூப்பர்மேன் இச்சோதனையில் தோற்றான். அப்சொல்யூட் வரிசை இன்னும் தேர்வறைக்குள்ளேயே நுழையவில்லை. லேபர் கேம்ப்பில் மாடி அறையில் வாடகைக்கு வாழும் ஒரு குடும்பம், தன் பெயர் எந்தப் பட்டியலில் வரும் என்று காத்திருக்கும் இந்நாளில், அதைவிடக் குறைந்த அளவுகோலை ஓர் ஆய்வுத்துறை ஏற்றுக்கொள்ள நியாயம் எதுவும் இல்லை.