கைமணம் என்னும் பொய்

"ரசம் என்ன பெரிய வித்தையா தம்பி? சிம்பிள்தான். அஞ்சு நிமிஷம்."

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போன் போட்டுக் கேட்டபோது அம்மா சொன்னது. அளவு கேட்டால் "கொஞ்சம் புளி, கொஞ்சம் மொளகு, கொஞ்சம் சீரகம்" என்பார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பார். நானும் சிரித்துவிட்டு, "ஒன் கைமணம் யாருக்கும் வராதும்மா" என்று சொல்லி போனை வைத்துவிடுவேன். பத்து வருடம் அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அது, கற்றுக்கொள்ளாமல் தப்பிப்பதற்கு நான் கண்டுபிடித்து வைத்திருந்த மரியாதையான வழி.

அம்மாவின் சமையல், அப்பாயியின் கைவைத்தியம், எளிய குடும்பம். இந்த மூன்றையும் சேர்த்து உருகி எழுதுவது நம்மிடையே தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. பெரும்பாலும் ஆண்கள் எழுதுவது. வெளியே மழை பெய்யும், உள்ளே மீன்குழம்பு கொதிக்கும், காய்ச்சலில் கிடக்கும் பையனின் நெற்றியில் ஒரு சுருங்கிய கை இருக்கும். கடைசிப் பத்தியில் கண் கலங்கும். நானே இரண்டு எழுதியிருக்கிறேன். அந்தக் குழம்புச் சட்டியை யார் தேய்த்தார் என்று இரண்டிலும் ஒரு வரி இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் கார்த்திகை மழையில் அம்மா கொல்லையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்போது நான் பட்டுக்கோட்டையில் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு நாள் மெஸ் சாப்பாடு. மூன்றாம் நாள் பேராவூரணியிலிருந்து சித்தி வந்தார். நான்காம் நாள் சித்திக்கு அவர் வீட்டு அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு ஆம்பளைகள், இரண்டு பட்டங்கள், ஒரு கேஸ் அடுப்பு.

அம்மா அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாயால் சொல்ல, நான் கையால் செய்தேன். அந்த அஞ்சு நிமிஷ ரசத்துக்குள் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. புதுப்புளிக்கும் பழம்புளிக்கும் ஒரே அளவு செல்லாது. புளித்தண்ணியின் பச்சை வாசனை போனபிறகுதான் பருப்புத்தண்ணி. மிளகு சீரகத்தை ஒன்றிரண்டாகத் தட்ட வேண்டும், மாவாக்கிவிடக் கூடாது. நுரை கூடி விளிம்புக்கு ஏறும்போதே இறக்க வேண்டும், தளதளவென்று கொதிக்கவிட்டால் கடுத்துவிடும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் பக்கத்து அடுப்பில் சோறு. விரலால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, சரியான நொடியில் வடிக்க வேண்டும். மல்லிப்பட்டினத்து மீன் வாசலுக்கு வந்துவிட்டால் அதை அப்போதே பார்த்து வாங்கி, ஆய்ந்து, கழுவி வைக்க வேண்டும். அப்பா சாப்பாட்டுக்கு முன்னால் சர்க்கரை மாத்திரை போட்டாரா என்று கேட்க வேண்டும்.

இட்லி இன்னும் மோசம். நாளைக் காலைப் பலகாரம் இன்று மத்தியானமே தொடங்கிவிடுகிறது. அரிசியும் உளுந்தும் தனித்தனியாக ஊற வேண்டும், சாயங்காலம் ஆட்ட வேண்டும், மழைக்குளிரில் மாவு சீக்கிரம் பொங்காது என்பதால் எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். மூன்றாம் நாள் ஊறப்போட மறந்தேன். நான்காம் நாள் காலையில் மூன்று பேரும் பன் சாப்பிட்டோம். பல வேலைகளை ஒன்றோடொன்று மோதாமல் கோத்து, எதுவும் தாமதமாகாமல் பார்த்துக்கொள்வதற்கு என் தொழிலில் தனிப் பதவி உண்டு, அதற்குத் தனிச் சம்பளமும் உண்டு. அம்மாவின் அடுப்படியில் அதற்குப் பெயர் கைமணம்.

இந்தச் சொல் செய்கிற வேலையைப் பாருங்கள். நாற்பது வருடம் கவனித்து, தவறி, திருத்தி, நினைவில் வைத்துச் சேர்த்த அறிவை, பிறக்கும்போதே உடம்போடு வந்த வாசனையாக அது மாற்றிவிடுகிறது. வாசனையை யாரும் கற்றுக்கொள்ள முடியாது. ஆகவே யாரும் முயற்சி செய்ய வேண்டாம். ஆகவே அவரே கடைசிவரை செய்யட்டும். "அம்மா கைப்பட்டாத்தான் ருசி" என்று சொல்லும்போது ஒரு மனுஷிக்கு ஆயுள்காலப் பணி நியமனம் கொடுக்கிறோம். விடுப்பு கிடையாது, ஓய்வூதியம் கிடையாது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் கிடையாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் ஒரு நாளைக்கு அதில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். அந்த 97 நிமிடமும் ஏதாவது வேலை செய்கிற ஆண்களின் கணக்கு. ஆண்களில் அப்படிச் செய்கிறவர்கள் 26 சதவீதம்தான், பெண்களில் 81 சதவீதம். 2024-இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களின் 299 நிமிடம் 289 ஆகியிருந்தது. சரி, பத்து நிமிடத்தை ஆண்கள் வாங்கிக்கொண்டார்களா என்று பார்த்தால், நம்முடைய 97 நிமிடம் 88 ஆகக் குறைந்திருந்தது. இந்த ஐந்து வருடத்தில் அம்மா சமையலைப் புகழ்ந்து நாம் போட்ட பதிவுகள் எத்தனை!

"மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் வந்துடுச்சே, இன்னும் என்ன கஷ்டம்?" என்று ஒரு கேள்வி வரும். அமெரிக்க வரலாற்றாய்வாளர் ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் இதைப் பற்றியே 1983-இல் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டுச் சாதனங்கள் வரவர அமெரிக்க வீடுகளில் விறகு பிளப்பது போன்ற ஆண்களின் வேலை மறைந்தது, பெண்களின் வேலை மிஞ்சியது, எதிர்பார்ப்பும் கூடியது என்பது அவர் வாதம். எங்கள் அப்பாயி காலத்தில் இட்லி என்றால் தீபாவளி. மற்ற நாளெல்லாம் பழைய சோறு. கிரைண்டர் வந்தபிறகு இட்லி தினசரியாகிவிட்டது. ஆட்டுக்கல்லின் வலி போனது உண்மைதான். ஆனால் மிச்சமான நேரத்தை அம்மாவிடம் கொடுக்காமல் நம் நாக்கு எடுத்துக்கொண்டது. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது "இலவசம்" என்று கேலி பேசியவர்களில் எத்தனை பேர் ஒரு நாளாவது சட்னி அரைத்திருப்பார்கள்?

அடுத்தது கைவைத்தியம். இங்கே பொய் இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

அம்மா விழுவதற்கு முந்தைய வருடம், ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை ஓமத்தண்ணியோடு வந்தார். "வாயுதான், குடிச்சா ஏப்பம் வந்து சரியாயிடும்." நானும் தம்ளரை வாங்கிவிட்டேன். அம்மா அப்பாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "இது வாயு இல்ல தம்பி. வேர்க்குது பாரு. 108-க்குப் போன் போடு." அடைப்பு இருந்தது. நேரத்துக்குப் போனதால் பிழைத்தார். இன்றைக்கும் அப்பா எல்லோரிடமும் சொல்வது அந்த டாக்டரின் கைராசியைப் பற்றி. அம்மா தொட்டுப் பார்த்த அந்த ஒரு நிமிடம் அவர் கதையில் வருவதே இல்லை.

சாதாரண நாட்களில் ஓமத்தண்ணி வைத்துக் கொடுப்பவரும் அம்மாதான். சளிக்குத் தூதுவளை ரசம், இருமலுக்குச் சுக்குக் கஷாயம், பால் கொடுக்கும் பெண்ணுக்குப் பால்சுறாப் புட்டு என்று எல்லாம் அவர் கணக்கில் இருக்கிறது. அந்த ராத்திரி அவர் அறிவு வெளிப்பட்டது, மருந்தை வேண்டாம் என்று ஒதுக்கியதில். எப்போது கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும், எப்போது நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் கைவைத்தியம். "பாட்டி வைத்தியம், பக்கவிளைவே கிடையாது" என்று பரப்புகிறவர்கள் இந்தப் பகுதியை வெட்டிவிட்டு இஞ்சியையும் தேனையும் மட்டும் பரப்புகிறார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். பழம்பெருமை பேசும் செய்தியில் இந்த வரி வராது. ஏதாவது ஆகிவிட்டால் பழி மட்டும் கொடுத்தவள்மேல் வரும்.

உலகத்திலேயே சிம்பிளான மருந்து எது என்று கேட்டால் உப்பு-சர்க்கரைக் கரைசல் என்பேன். 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் அளந்து கலந்து, நோயாளிகளின் உறவினர்களையே வாயில் புகட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு, அவர் பொறுப்பில் இருந்தவர்களிடையே 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. புகட்டியவர்கள் அம்மாக்களும் அக்காக்களும்தான். ஆனால் அங்கே அளவு இருந்தது, காரணம் இருந்தது, விளைவை எண்ணிப் பார்த்தார்கள். குடலில் சர்க்கரையோடு சேர்ந்துதான் உப்பு வேகமாக உள்ளே போகும், அதன் பின்னால் தண்ணீர் போகும். வீட்டில் கலந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. எளிமை என்பதற்குப் பின்னால் இவ்வளவு கண்டிப்பு இருக்கிறது. "கொஞ்சம்" என்ற பேச்சே இல்லை.

எழுதி வைப்பதன் அருமையை நாடு ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டது. காயத்துக்கு மஞ்சள் போடுவதை மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995-இல் அமெரிக்கக் காப்புரிமையாக வாங்கிவிட்டது. மஷேல்கர் தலைமையிலிருந்த சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வழக்காடியது. பழைய சம்ஸ்கிருத நூல்களும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரையும் சான்றாக நின்றன. 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. பாட்டியின் மஞ்சளுக்காக ஒரு தேசமே சண்டை போட்டது, நல்லது. ஆனால் எழுதியது மட்டும்தான் அந்தச் சபையில் ஏறியது. நம் வீட்டில் எழுதாமல் இருப்பதற்கு எந்த அமெரிக்கக்காரனும் காரணம் இல்லை. நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"அன்பைப் போய்க் காசுக் கணக்கு பார்க்கிறதா? அம்மா சந்தோஷமாத்தானே செய்றாங்க?" இது அடுத்த கேள்வி. சந்தோஷமாகத்தான் செய்கிறார். எனக்கும் கோடு எழுதுவது சந்தோஷம்தான், அதற்காக மாசக் கடைசியில் சம்பளம் வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. கணக்கு பார்த்தால் அன்பு கெட்டுவிடும் என்ற பயம், கணக்கில் கடன்பட்டவனுக்கு மட்டும்தான் வரும்.

கணக்கு பார்க்க வேண்டியவர்கள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு சொன்னார். கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்ப, மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட குடும்பம். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சம பங்கு உண்டு என்றார். அவள் உழைப்பு இல்லாமல் அவர் சம்பாதித்திருக்க முடியாது என்பதே காரணம். தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற எங்கள் பக்கத்தில் இந்தத் தீர்ப்பை வீட்டுக்கு வீடு படித்துக் காட்டலாம். அதே வருடம் செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. தொடங்கும்போது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய், ஒரு டஜன் முட்டைகூட வாங்க முடியாது. ஆனால் பெயரைக் கவனியுங்கள். உதவி என்றில்லை, உரிமை என்று வைத்தார்கள். நீதிமன்றமும் அரசாங்கமும் சொல்லிவிட்டன. குடும்பம் மட்டும் இன்னும் "ஒன் கைமணமே தனிம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

நான் ஒன்றும் திருந்திய உத்தமன் இல்லை. ஆறு வாரம் செய்தேன். கட்டுப் பிரித்த மறுநாள் அம்மா அடுப்படிக்குள் போனார், நான் லேப்டாப்பைத் திறந்துகொண்டேன். "வேணாம்மா, நானே செய்றேன்" என்று ஒருமுறை சொன்னேன். ஒரே ஒருமுறை. இரண்டாவது முறை சொல்லாததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது.

மிஞ்சியது ஒரு நோட்டு. நாற்காலியில் உட்கார்ந்து அம்மா சொன்னதையெல்லாம் தராசில் எடை போட்டு எழுதி வைத்தது. ரசத்துக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் போனது. கஷாயத்துக்கு மூன்று பக்கம், அதில் பாதி "எப்பக் கொடுக்கக் கூடாது" என்பது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். "இம்புட்டா இருக்கு இதுல?" என்றார். தன் வேலையின் அளவு அவருக்கே தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது அப்பா சோறு வடிக்கிறார், பாத்திரமும் தேய்க்கிறார். ஊருக்குப் போகும் நாட்களில் ராத்திரி அடுப்படி என்னுடையது. என் ரசத்தைக் குடித்துவிட்டு அம்மா "உப்பு கொறச்சல்" என்பார். கைமணம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. உப்பு குறைந்தால் நாளைக்குக் கூட்டிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தெரியும்.

இதைப் படிக்கிற தம்பிகளுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அடுத்த முறை அம்மா சமையலைப் புகழ்ந்து எழுத உட்காரும்போது கைமணம் என்ற சொல் வந்தால், எழுந்து போய் நாளைக்கு இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டுவிட்டு வாருங்கள். மத்தியானத்துக்குள் போட வேண்டும். இரண்டையும் தனித்தனியாக.